தி.நகர் புறநகராகத்தான் தொடங்கியதா? இன்று அங்கே நடப்பவருக்கு என்ன வசதி?

கேள்வியில் இரண்டு பகுதிகள் உள்ளன. சென்னையின் தியாகராய நகர் ஊருக்கு வெளியே அமைந்த குடியிருப்பாகத் தொடங்கியது என்பது உண்மையானால், அது எப்படி இத்தனை பெரிய கடைவீதியாக மாறியது என்பது முதல் பகுதி. கல்யாண ஜவுளி எடுப்பதற்காக வயதான பெற்றோரை அழைத்து வரும் ஒருவருக்கு இன்று அங்கே என்ன வசதிகள் இருக்கின்றன என்பது இரண்டாம் பகுதி. இவ்விரண்டையும் பிரித்துப் பேச முடியாது என்பதே என் கருத்து. தி.நகரைக் கடைவீதியாக்கியவர்கள் அதன் தெருக்களில் நடந்து போன மக்கள். அவர்களுக்கான வசதிகளோ, ஊர் உருவாகி ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகள் கழிந்த பிறகுதான் ஒழுங்காக வரத் தொடங்கின.

நிலத்திலிருந்து தொடங்குகிறேன். இன்றைய தி.நகரின் பெரும்பகுதி முன்பு ஏரியாக இருந்தது. நுங்கம்பாக்கத்தில் தொடங்கித் தெற்கே சைதாப்பேட்டைப் பக்கம் வரை நீண்டு கிடந்ததால், ஆங்கிலேயர் அதனை ‘லாங் டேங்க்’ என்று அழைத்தனர்; நுங்கம்பாக்கம் ஏரி, மயிலாப்பூர் ஏரி என்று தனித்தனியே சொல்லப்பட்டவை அதன் பகுதிகளே. அண்ணா சாலை அதன் கிழக்கே ஓடியது. நகரம் ஏறத்தாழ அந்தக் கிழக்குக் கரையோடு முடிந்துவிட, மேற்கே இருந்த மாம்பலம் செங்கல்பட்டு மாவட்டத்துச் சைதாப்பேட்டை வட்டத்தைச் சேர்ந்த கிராமமாகவே இருந்தது. எனவே புறநகராகத் தொடங்கியது என்று சொல்வதில் பிழையில்லை. இன்று நகரின் நடுவில் நிற்பதுபோல் தோன்றும் இடம், நூறு ஆண்டுகளுக்கு முன் நகரின் விளிம்புக்கும் அப்பால் இருந்தது.

1920-இல் சென்னை நகரமைப்புச் சட்டம் நிறைவேறியது. மக்கள்தொகை பெருகி, பழைய குடியிருப்புகளில் நெருக்கம் தாங்காத நிலையில், 1923-இல் ஏரியை உடைத்து நீரை வடித்து, அந்த இடத்தில் சுமார் 1,600 ஏக்கரில் மாம்பலம் குடியிருப்புத் திட்டம் தொடங்கப்பட்டது. நுங்கம்பாக்கம் பக்கம் எஞ்சிய ஏரி பிற்காலம் வரை இருந்தது. 1976-இல் திறக்கப்பட்ட வள்ளுவர் கோட்டம் அந்த ஏரிப் படுகையின்மேல்தான் எழுந்தது. மேற்கு மாம்பலத்தில் ‘லேக் வியூ சாலை’ என்றும், நுங்கம்பாக்கத்தில் ‘டேங்க் பண்ட் சாலை’ என்றும் இன்றும் பெயர்ப்பலகைகள் நிற்கின்றன. ஏரியைப் பார்த்தபடி இருந்த தெருவுக்கும், ஏரிக்கரைமேல் போன தெருவுக்கும் இட்ட பெயர்கள் ஏரி போன பின்னும் நிலைத்துவிட்டன.

ஊருக்குப் பெயர் சர் பிட்டி தியாகராய செட்டியாரின் நினைவாக வந்தது. நீதிக்கட்சியைத் தோற்றுவித்தவர்களில் ஒருவரான அவர், 1920-இல் அக்கட்சி வெற்றி பெற்றபோது முதலமைச்சர் பதவியை ஏற்க மறுத்தவர். சென்னை மாநகராட்சியின் தலைவராகப் பணியாற்றி, 1925-இல் மறைந்தார். அப்போது முதலமைச்சராக இருந்தவர் பனகல் அரசர் என்று அறியப்பட்ட இராமராயநிங்கார். ஊரின் நடுவே அமைந்த பூங்கா அவர் பெயரைப் பெற்றது. சற்று நிதானமாக நடந்தால், தெருப்பெயர்களிலேயே நீதிக்கட்சியின் வரலாற்றை வாசித்துவிடலாம். 1934-இல் சில மாதங்கள் சென்னை மாகாணத்தின் தற்காலிக ஆளுநராக இருந்த சர் முகமது உஸ்மான் உஸ்மான் சாலையில் இருக்கிறார். டாக்டர் டி.எம். நாயருக்கு ஒரு சாலையும், தணிகாசலம் செட்டியாருக்கு ஒரு சாலையும், கோபதி நாராயணசாமி செட்டியாருக்கு ஜி.என். சாலையும், நடேச முதலியாருக்கு வெங்கட்நாராயணா சாலையில் ஒரு பூங்காவும் உண்டு. எம்.ஜி.ஆர். ஆட்சிக்காலத்தில் தெருப்பெயர்களிலிருந்து சாதிப் பின்னொட்டுகள் நீக்கப்பட்டதால், இப்பெயர்களுள் சில பாதியாகவே பலகையில் நிற்கின்றன. அதனால்தான் இன்று அங்கே நடப்பவர்களுக்கு அவை யாருடைய பெயர்கள் என்பது எளிதில் பிடிபடுவதில்லை.

தியாகராய சாலையின் கடைப்பகுதிக்கு வழங்கும் ‘பாண்டி பஜார்’ என்ற பெயரையும் இங்கே சேர்த்துக்கொள்ள வேண்டும். புதுச்சேரியிலிருந்து வந்தவர்கள் கடை வைத்ததால் அப்பெயர் வந்தது என்று சொல்பவர்கள் உண்டு. ஆயினும் அதன் முறையான பெயர் சௌந்தரபாண்டியனார் அங்காடி. பட்டிவீரன்பட்டியைச் சேர்ந்த டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன், 1929-இல் செங்கல்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர். அத்தகைய ஒருவரின் நினைவு சுருங்கி, ஊர்ப்பெயர் என மயங்கும் அளவுக்குத் தேய்ந்திருப்பது எனக்கு வருத்தம் தருகிறது.

இனி அமைப்பைப் பார்ப்போம். பனகல் பூங்காவை நடுவில் வைத்து, அதிலிருந்து பல திசைகளில் சாலைகள் பிரியுமாறு ஊர் வரையப்பட்டது. கிழக்கே அண்ணா சாலையை நோக்கித் தியாகராய சாலையும், வடகிழக்கே ஜெமினிப் பக்கம் ஜி.என். சாலையும், தென்கிழக்கே நந்தனத்தை நோக்கி வெங்கட்நாராயணா சாலையும் செல்கின்றன. மேற்கே இரயில்பாதைக்கு இணையாக உஸ்மான் சாலை வடக்கிலும் தெற்கிலும் நீள்கிறது. இடையிலுள்ள தெருக்களில் தோட்டத்துடன் கூடிய தனி வீடுகளுக்கான மனைகள். அரசு அலுவலர்கள், வழக்கறிஞர்கள், ஆசிரியர்கள் வந்து குடியேறினார்கள். பின்னர் கோடம்பாக்கத்துப் படப்பிடிப்பு நிலையங்கள் அருகில் இருந்ததால் திரைத்துறையினரும் வந்தார்கள். காமராசர் வாழ்ந்த திருமலைப்பிள்ளை சாலை வீடும், ஆற்காடு தெருவிலுள்ள எம்.ஜி.ஆரின் இல்லமும் இன்று நினைவில்லங்களாக உள்ளன. தட்சிண பாரத இந்தி பிரசார சபையின் வளாகத்தில் 1946-இல் காந்தியடிகள் தங்கினார். வாணி மகாலும் கிருஷ்ண கான சபையும் மார்கழி இசைக்கு இவ்வூரை ஒரு முகவரியாக்கின. கடைகள் என்று திட்டத்தில் இருந்தவை, இக்குடும்பங்களுக்கு அன்றாடம் தேவையான மளிகை, காய்கறி, மருந்து ஆகியவற்றுக்கான அளவிலேயே இருந்தன.

பிறகு ஏன் மாறியது? பட்டுக்கடைகள் வந்ததால் என்று பலர் சொல்வார்கள். காஞ்சிபுரத்து நெசவாளர் குடும்பத்தைச் சேர்ந்த நல்லி சின்னசாமி செட்டியார் 1928-இல் இங்கே கடை தொடங்கியது உண்மை. ஊர் பிறந்து ஐந்தே ஆண்டுகளில் வந்த கடை அது. ஆனால் ஒரு கடை வெற்றி பெறுவது வேறு, ஒரு வட்டாரம் முழுவதும் சந்தையாவது வேறு. என்னைக் கேட்டால், திருப்புமுனை 1931 என்பேன். அவ்வாண்டு மே மாதம் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார இரயில்கள் ஓடத் தொடங்கின. மாம்பலம் நிலையம் அப்பாதையில் இருந்தது. நீராவி வண்டிக்காகக் காத்திருந்த காலம் போய், அடிக்கடி வரும் வண்டியில் ஏறி இறங்குவது பழக்கமானபோது, தெற்கே தாம்பரம் வரையிலுள்ள ஊர்களும் வடக்கே பாரிமுனையும் மாம்பலத்துக்கு அண்டை வீடுகள்போல் ஆகிவிட்டன.

இரயில் நிலையம் மேற்கு விளிம்பில் இருக்கிறது; பேருந்து நிலையமோ தெற்கு உஸ்மான் சாலையில், மேட்லி சாலைச் சந்திப்பில். இரயிலில் வந்து பேருந்து பிடிப்பவரும், பேருந்தில் வந்து இரயில் பிடிப்பவரும் நாள்தோறும் கடந்தாக வேண்டிய வழி, நிலைய வாசலிலிருந்து உஸ்மான் சாலைக்கு வரும் ரங்கநாதன் தெரு. சில நூறு மீட்டர் நீளமே உள்ள அந்தத் தெரு, குடும்பங்கள் வசித்த வீடுகளுக்காக அமைந்த குறுகலான தெரு. தினமும் பல்லாயிரம் கால்கள் கடக்கும் வழியில் திண்ணையை வாடகைக்குக் கேட்டு யாராவது வருவார்கள். திண்ணை கடையாகும், கடை வீட்டின் முன்னறையை எடுக்கும், பிறகு வீடே இடிந்து மாடிக்கட்டடமாகும். 1970-களிலிருந்து தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கத்து வணிகக் குடும்பங்கள் இங்கே நிலைகொண்டு, குறைந்த இலாபத்தில் பெருமளவு விற்பது என்ற முறையைப் பாத்திரத்திலும் ஜவுளியிலும் நகையிலும் கையாண்டன. ஒரே கூரையின்கீழ் ஊசி முதல் உரல் வரை வாங்கலாம் என்ற நிலை, வெளியூர்க்காரர்களையும் இரயிலேற்றிக் கொண்டுவந்தது.

தி.நகர் என்றால் ஜவுளியும் தங்கமும் மட்டுமே என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல விரும்புகிறேன். தமிழ்ப் பதிப்புத் துறைக்கும் இது தலைமையிடமாக இருந்த ஊர். தீனதயாளு தெருவில் வானதி பதிப்பகமும், தணிகாசலம் சாலையில் மணிமேகலைப் பிரசுரமும், அவற்றைச் சுற்றி இன்னும் பல பதிப்பகங்களும் இயங்கி வந்திருக்கின்றன. புடவைப் பையோடு ஒரு புத்தகக் கட்டையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு மாம்பலம் நிலையத்தில் நின்ற தலைமுறை ஒன்று உண்டு. நானும் அதில் ஒருவன்.

குடியிருப்புக்காக வரையப்பட்ட தெருவில் பேரங்காடி எழுந்தபோது அதற்கான விலையும் கொடுக்கப்பட்டது. அனுமதித்த மாடிகளுக்குமேல் மாடிகள், வண்டி நிறுத்த விட வேண்டிய இடத்தில் விற்பனைக்கூடம், பக்கவாட்டில் விட வேண்டிய திறந்தவெளியில் சரக்கு அறை என்று விதிமீறல்கள் பெருகின. நீதிமன்ற வழக்குகளின் தொடர்ச்சியாக 2011-இன் இறுதியில் ரங்கநாதன் தெருவிலும் உஸ்மான் சாலையிலும் பல கட்டடங்கள் பூட்டி முத்திரையிடப்பட்டன. 2012 பொங்கலையொட்டி உச்ச நீதிமன்றம் தற்காலிகமாகத் திறக்க அனுமதித்தது. விதி என்பது வெறும் காகிதம் அன்று என்பதைத் தீ காட்டியது. 2008 செப்டம்பரில் ரங்கநாதன் தெருவில் ஒரு பெரிய கடையில் பற்றிய தீயில் ஊழியர் இருவர் உயிரிழந்தனர். 2017 மே 31 அன்று தெற்கு உஸ்மான் சாலையில் பல அடுக்குகள் கொண்ட ஜவுளிக்கடை ஒன்றில் பற்றிய தீ மணிக்கணக்கில் அணையாமல் எரிந்தது. சிதைந்த கட்டடம் பின்னர் இடித்தே அகற்றப்பட்டது. தீயணைப்பு வண்டி சுற்றி வர இடம் விடாமல் கட்டினால் என்ன ஆகும் என்பதை ஊர் முழுவதும் நின்று பார்த்தது.

தண்ணீரையும் சொல்லாமல் விட முடியாது. பழைய ஏரிப் படுகையின் மழைநீரை இப்போது மாம்பலம் கால்வாய்தான் அடையாற்றுக்குக் கொண்டுபோக வேண்டும். 2021 நவம்பரில் பெய்த பெருமழையில், கால்வாயில் சீரமைப்புப் பணி நடந்துகொண்டிருந்த நேரத்தில், தி.நகரின் பல தெருக்களில் நாள்கணக்கில் நீர் நின்றது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் பெரியவர்களை அழைத்து வருவதானால் வானிலையைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

இப்போது வசதிகளுக்கு வருகிறேன். தி.நகரில் நடப்பவருக்கு இடம் வேண்டும் என்பதை அரசு ஏற்றுக்கொண்டதன் முதல் பெரிய அடையாளம் பாண்டி பஜாரின் நடைபாதை வளாகம். அதற்கு முன்னோடியாக, 2013-இல் தியாகராய சாலையின் ஓரங்களில் கடை விரித்திருந்த நூற்றுக்கணக்கான வியாபாரிகளுக்குத் தனிக் கட்டடம் தரப்பட்டது. பிறகு திறன்மிகு நகரங்கள் திட்டத்தின்கீழ், சுமார் 40 கோடி ரூபாய்ச் செலவில், சாலையின் வண்டித்தடம் குறுக்கப்பட்டு இரு பக்கமும் நடைபாதை அகலமாக்கப்பட்டது. 2019 நவம்பர் 13 அன்று அது திறக்கப்பட்டது. உட்கார இருக்கைகள், மர நிழல், ஒழுங்கான விளக்குகள் ஆகியவை இருப்பதால், கடைக்குள் போகாமலே ஒரு மாலையைக் கழிக்கக்கூடிய இடமாக அது மாறியிருக்கிறது. வண்டி வைக்க இடமில்லாமல் வியாபாரம் படுத்துவிடும் என்று அப்போது எழுந்த அச்சத்தை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அகலமான நடைபாதையில் நிற்கும் கூட்டத்தைப் பார்க்கும்போது அந்த அச்சம் மெய்ப்படவில்லை என்றே தோன்றுகிறது. காரில் வருவோருக்காகத் தணிகாசலம் சாலை அருகே பல அடுக்கு வாகன நிறுத்தம் கட்டப்பட்டுள்ளது. 200-க்கும் மேற்பட்ட கார்களும், அதைவிட இரு மடங்குக்கு மேலான இருசக்கர வண்டிகளும் அங்கே நிற்கலாம்.

இதைவிடவும் உங்கள் பெற்றோருக்குப் பயன்படக்கூடியது ஆகாய நடைபாலம். மாம்பலம் இரயில் நிலையத்திலிருந்து தி.நகர் பேருந்து நிலையம் வரை, 570 மீட்டர் நீளத்திலும் 4.2 மீட்டர் அகலத்திலும், 28.45 கோடி ரூபாய்ச் செலவில் அமைந்த இந்தப் பாலத்தை 2023 மே 16 அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் திறந்துவைத்தார். மேலே கூரை இருப்பதால் வெயிலும் மழையும் தாக்காது. மின்தூக்கியும் நகரும் படிக்கட்டும் உண்டு. இரயிலுக்கும் பேருந்துக்கும் இடையே நடந்தவர்களின் தடத்தில் ரங்கநாதன் தெரு சந்தையானது என்று மேலே சொன்னேன் அல்லவா? அதே நடைக்கு, அதே இரு முனைகளுக்கு இடையே, இடிபடாத வழி ஒன்று இப்போதுதான் கிடைத்திருக்கிறது. கடைக்குப் போகத் தேவையில்லாதவர்கள் மேலே போய்விட்டால், கீழே தெருவில் இருப்பவர்களுக்கும் மூச்சுவிடச் சற்று இடம் கிடைக்கும்.

குறைகளும் உள்ளன. பொதுக் கழிப்பறைகள் வரும் கூட்டத்துக்குப் போதுமானவை அல்ல. பெரும்பாலோர் பெரிய கடைகளின் கழிப்பறைகளையே நம்பியிருக்கிறார்கள். பாண்டி பஜாரின் நடைபாதை ஒழுங்கு உஸ்மான் சாலைக்கு வந்ததும் குலைந்துவிடுகிறது. அங்கே படி ஏறி இறங்கி, விளம்பரப் பலகைக்கும் நிறுத்திய வண்டிக்கும் இடையே ஒதுங்கித்தான் நடக்க வேண்டியிருக்கிறது. சக்கர நாற்காலியில் வருபவர் பாண்டி பஜாரில் தனியாகப் போகலாம், உஸ்மான் சாலையில் துணையில்லாமல் போக முடியாது.

வசதி என்ற சொல்லை வாங்க வருபவருக்கு மட்டும் உரியதாக நான் எடுத்துக்கொள்வதில்லை. இக்கடைகளில் வேலை செய்யும் இளைஞர்களும் பெண்களும், பெரும்பாலும் தென்மாவட்டங்களிலிருந்தும் இப்போது வடமாநிலங்களிலிருந்தும் வந்து, கடை ஏற்பாடு செய்யும் விடுதிகளில் தங்கி, நாள் முழுவதும் நின்றுகொண்டே புடவை பிரித்துக் காட்டுபவர்கள். நின்றே வேலை செய்வதால் கால் நரம்பு சுருண்டு துன்பப்படுபவர்கள் அவர்களுள் பலர். 2021-இல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் திருத்தப்பட்டு, பணியாளர்கள் அனைவருக்கும் இருக்கை வசதி தரப்பட வேண்டும் என்று விதிக்கப்பட்டது. கேரளம் 2018-இலேயே இதைச் செய்திருந்தது. தி.நகருக்குக் கடந்த பத்தாண்டுகளில் கிடைத்த வசதிகளில் எது பெரியது என்று கேட்டால், நடைபாலத்துக்கு முன்பாக இதைத்தான் சொல்வேன். நீங்கள் கடைக்குள் போகும்போது, விற்பனையாளரின் பின்னால் முக்காலி ஒன்று இருக்கிறதா, வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் அவர் அதில் அமர்கிறாரா என்று ஒருமுறை பாருங்கள்.

உங்கள் பயணத்துக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். முகூர்த்த மாதங்களிலும், தீபாவளிக்கு முந்தைய வாரங்களிலும், ஞாயிறு மாலைகளிலும் பெரியவர்களை அழைத்து வர வேண்டாம். வார நாளில் கடை திறக்கும் நேரத்திலேயே வந்துவிட்டால், பட்டுக்கடையில் உட்கார்ந்து பொறுமையாகப் பார்க்கலாம். விற்பனையாளரும் களைக்காமல் இருப்பார். புறநகர் இரயிலில் வருவதானால் மாம்பலத்தில் இறங்கி நடைபாலத்துக்கு ஏறிவிடுங்கள். ரங்கநாதன் தெருவுக்குள் பெரியவர்களைக் கூட்டிச் செல்லத் தேவையில்லை. பட்டும் நகையும் மட்டும் என்றால் பனகல் பூங்காவைச் சுற்றியே முடித்துக்கொள்ளலாம். பாத்திரமும் சில்லறைப் பொருள்களும் வாங்க வேண்டுமானால், பெற்றோரைப் பாண்டி பஜாரின் இருக்கையில் அமர்த்திவிட்டு ஒருவர் மட்டும் தெற்கு உஸ்மான் சாலைக்குப் போய் வருவது நல்லது. முன்பெல்லாம் அப்படி அமர்த்தப் பனகல் பூங்காவையே சொல்வோம். கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி வரை செல்லும் மெட்ரோ தடத்தின் நிலத்தடி நிலையம் ஒன்று அங்கே வருவதால், பூங்காவின் ஒரு பகுதி தகரத் தடுப்புக்குள் போய்விட்டது. அந்நிலையம் திறந்ததும், 1931-இல் மின்சார இரயில் மேற்கு விளிம்பில் கொண்டுவந்து இறக்கிய கூட்டம், ஊரின் நட்ட நடுவிலேயே வந்து இறங்கும்.